கிட்டுக்குப் புதிய கட்டளை தேவையா? முடிவெடுப்பது எப்படி?

செராஸில் உள்ள ஓர் உயர்கல்விக் கூடத்தில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் மூன்று மாணவர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் தாமான் மிடாவில் வசிக்கிறார். இன்னொருவர் காஜாங்கிலிருந்து எம்ஆர்டியில் வருகிறார். மூன்றாமவர் கிள்ளானிலிருந்து வருகிறார். மூவரும் சேர்ந்து ஒரே செயலியை எழுதுகிறார்கள். வேலையைப் பகிர்ந்துகொள்ள 'கிட்' என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒவ்வொரு மாலையும் மூவரும் நான்கு வேலைகளைச் செய்தாக வேண்டும். மற்றவர்கள் எழுதியதை இறக்க வேண்டும். தாங்கள் எழுதியதோடு அதைச் சேர்க்க வேண்டும். சோதனைகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு மேலே அனுப்ப வேண்டும். நான்கு வேலைக்கு நான்கு கட்டளை. ஒரு நாள் ஒருவர் சலித்துப்போய்ச் சொல்கிறார்: "இதையெல்லாம் ஒரே சொல்லில் முடிக்க 'கிட் சிங்க்' என்று ஒரு கட்டளையைக் கிட்டிலேயே வைத்திருக்கக் கூடாதா?"

நியாயமான ஆசைதான். கிட்டைப் பயன்படுத்தும் ஏறக்குறைய எல்லாருக்கும் இப்படி ஓர் ஆசை என்றாவது வந்திருக்கும். ஆனால், அந்த ஆசைக்கு 'ஆம்' சொல்வதா 'இல்லை' சொல்வதா என்று முடிவெடுப்பது நிரல் எழுதுவதைவிடக் கடினமான வேலை. அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், நாளை நீங்கள் உருவாக்கும் எந்த மென்பொருளுக்கும் அது உதவும்.

கிட் ஏன் இப்படி இருக்கிறது?

கட்டுரை எழுதும்போது 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் கடைசி' என்று கோப்புகளைச் சேமித்த அனுபவம் பலருக்கு இருக்கும். பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. எந்தக் கோப்பு, எப்போது, யாரால், ஏன் மாறியது என்பதை அது பதிவு செய்கிறது. தேவைப்பட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒரே நேரத்தில் பலர் தனித்தனிக் கிளைகளில் வேலை செய்து, பின்னர் அவற்றை இணைக்கலாம்.

லினக்ஸ் கருநிரலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். அதுவரை லினக்ஸ் குழுவினர் 'பிட்கீப்பர்' என்ற வணிக மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தி வந்தனர். அந்த இலவச அனுமதி முடிவுக்கு வரவே, மாற்று ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. சில நாள்களிலேயே கிட் தன் சொந்த நிரலைத் தானே பதிவு செய்யும் அளவுக்கு வளர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றார். இன்றுவரை அவரே அதன் பராமரிப்பாளர்.

அவசரத்தில் பிறந்ததன் அடையாளம் கிட்டில் இன்னும் இருக்கிறது. தொடக்கத்தில் அது சின்னச் சின்னக் கருவிகளின் தொகுப்பாகவே இருந்தது. அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பயனர்களே தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொண்டார்கள். பின்னர் அவற்றின்மேல் எளிய கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இன்று கிட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்கட்டளைகள் உள்ளன. அன்றாட வேலைக்குத் தேவைப்படுபவை இருபதைத் தாண்டாது.

இவ்வளவு இருக்கும்போது இன்னும் ஒன்றைச் சேர்ப்பதில் என்ன நட்டம்? அதைப் புரிந்துகொள்ள, ஒரு வசதியைக் கிட்டில் எத்தனை வழிகளில் பெறலாம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒற்றையடிப் பாதை, பேருந்து, எம்ஆர்டி

முதல் வழி, சுருக்குப்பெயர். கிட்டின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். 'ஸ்டேட்டஸ்' என்று முழுதாகத் தட்டுவதற்குப் பதில் இரண்டே எழுத்தில் அதே வேலையை வாங்கலாம். இது உங்கள் கணினியில் மட்டும் இருக்கும். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வீட்டிலிருந்து கடைக்குப் போக நீங்களே கண்டுபிடித்த ஒற்றையடிப் பாதையைப் போன்றது.

இரண்டாவது வழி, துணைநிரல். கிட்டில் அழகான ஒரு விதி இருக்கிறது. 'கிட்' என்று தொடங்கி, ஒரு சிறுகோடு, அதன்பின் நீங்கள் விரும்பும் சொல் என்று பெயரிட்ட நிரல் ஒன்றை, கணினி நிரல்களைத் தேடும் இடத்தில் வைத்துவிட்டால் போதும். கிட் அதைத் தன் சொந்தக் கட்டளையைப் போலவே இயக்கும். நம் மூன்று மாணவர்களும் பத்து வரி எழுதி, 'கிட் சிங்க்' கட்டளையை இன்று மாலையே பெற்றுவிடலாம். கிட்டின் மூல நிரலைத் தொட வேண்டியதே இல்லை. இது எம்ஆர்டி நிலையத்துக்கு ஆள் ஏற்றிவரும் இணைப்புப் பேருந்து. தடம் சரியில்லை என்றால் அடுத்த மாதமே மாற்றலாம்.

மூன்றாவது வழிதான் உள்கட்டளை. கிட்டை நிறுவும் ஒவ்வொரு கணினியிலும் அது இருக்கும். இதுதான் எம்ஆர்டி நிலையம். செராஸ் வழியாகச் செல்லும் காஜாங் தடத்தில் தாமான் கோனாட், தாமான் மிடா நிலையங்கள் 2017 ஜூலையில் திறக்கப்பட்டன. அந்த நிலையங்களை நம்பி மக்கள் வீடு வாங்கினார்கள், கடை போட்டார்கள், வேலையிடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். "இடம் சரியாக அமையவில்லை, நூறு மீட்டர் தள்ளி வைக்கிறோம்" என்று இனிச் சொல்ல முடியாது.

கிட்டின் உள்கட்டளையும் அப்படித்தான். ஒருமுறை வந்துவிட்டால், அதை நம்பி உலகம் முழுவதும் ஸ்கிரிப்டுகள் எழுதப்படும். பாடநூல்களில் அச்சாகும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடக் குறிப்புகளில் இடம்பெறும். பிறகு திரும்பப் பெறுவது எளிதன்று.

ஒரு சொல்லுக்குக் கொடுக்கும் விலை

புதிய உள்கட்டளைக்கு நிரல் எழுதுவது வேலையின் ஒரு பகுதிதான். கையேட்டுப் பக்கம் எழுத வேண்டும். சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனைகளை எழுத வேண்டும். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓட வேண்டும். அது காட்டும் செய்திகளைப் பல மொழிகளுக்கு மாற்றத் தன்னார்வலர்கள் உழைக்க வேண்டும். எழுதியவர் இரண்டு ஆண்டில் வேறு வேலைக்குப் போய்விடலாம். அதன்பின் வரும் பிழைகளை யாரோ ஒருவர் திருத்தியாக வேண்டும்.

இதைவிட நுட்பமான செலவு ஒன்று உண்டு. அது பெயர். பொதுவாக, கிட்டில் ஏற்கெனவே உள்ள கட்டளையின் பெயரைச் சுருக்குப்பெயராக வைத்தால் கிட் அதைப் பொருட்படுத்தாது. உள்கட்டளைதான் வெல்லும். ஆகவே, கிட் நாளை 'சிங்க்' என்ற உள்கட்டளையைச் சேர்த்தால், அதே பெயரைச் சுருக்குப்பெயராக வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் மறுநாள் காலை அது வேறு பொருளில் இயங்கும். அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. ஆனாலும் அவர்கள் வேலை குலையும். ஒருவருக்கு வசதி தரும் சொல், முகம் தெரியாத ஆயிரம் பேரிடமிருந்து பறிக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

சேர்த்ததை நீக்குவது எவ்வளவு கடினம் என்பதற்குக் கிட்டின் வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கட்டளையும் சிறுகோடு போட்ட தனித்தனி நிரலாகப் பயனரின் கணினியில் பரவிக் கிடந்தது. 2008 ஆகஸ்டில் வெளியான 1.6.0 பதிப்பில் அவற்றை ஒரு தனி இடத்துக்கு ஒதுக்கி வைத்தார்கள். முன்னறிவிப்பு கொடுத்தும், பழைய வழக்கத்தை நம்பியிருந்தவர்களிடமிருந்து புகார்கள் குவிந்தன.

இன்னொரு சான்று, 'வாட்சேஞ்ச்டு' என்ற கட்டளை. எந்தெந்தக் கோப்புகள் மாறின என்ற வரலாற்றைக் காட்டுவது அதன் வேலை. 'லாக்' கட்டளையோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால் ஏறக்குறைய அதே விடை கிடைக்கும். அதனால் அதற்குத் தேவை போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால், 2025 ஆகஸ்டில் வந்த 2.51 பதிப்பில்தான் அதை ஓய்வுபெறச் செய்யும் பணி உறுதியாகத் தொடங்கியது. இப்போது அதை இயக்க வேண்டுமானால், 'இதை நான் இன்னும் பயன்படுத்துகிறேன்' என்று பொருள்படும் நீண்ட கூடுதல் சொல்லையும் சேர்த்துத் தட்ட வேண்டும். யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாத ஒரு கட்டளைக்கு விடைகொடுக்கவே இத்தனை ஆண்டுகள்!

'ஆம்' என்ற பதில் கிடைத்த கதை

அப்படியென்றால் புதிய கட்டளையே கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. மாணவர்கள் எல்லாரும் அறிய வேண்டிய கதை ஒன்று இருக்கிறது.

கிட்டில் 'செக்அவுட்' என்ற கட்டளை தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. அது ஒரு சொல்லில் இரண்டு மாறுபட்ட வேலைகளைச் செய்தது. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாறுவது ஒன்று. ஒரு கோப்பில் செய்த திருத்தங்களை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இன்னொன்று. முதலாவது பாதுகாப்பானது. உங்கள் திருத்தங்கள் அழியும் நிலை வந்தால் கிட் மறுத்துவிடும். இரண்டாவது அப்படியல்ல. திருத்தங்களை அழிப்பதுதான் அதன் வேலையே.

இதன் ஆபத்தைப் பாருங்கள். உங்கள் திட்டத்தில் 'லாகின்' என்ற கோப்புறை இருக்கிறது. இரண்டு மணி நேரம் அதற்குள் உள்ள கோப்புகளைத் திருத்தியிருக்கிறீர்கள். இன்னும் எதையும் கிட்டிடம் ஒப்படைக்கவில்லை. நண்பர் 'லாகின்' என்ற பெயரில் கிளை தொடங்கியிருப்பதாக நினைத்து, அதற்கு மாறுவதற்காக 'கிட் செக்அவுட் லாகின்' என்று தட்டுகிறீர்கள். ஆனால், அப்படி ஒரு கிளை இல்லை. 'ஓ, கோப்புறையைத்தான் சொல்கிறார்' என்று கிட் புரிந்துகொள்கிறது. ஒரு கேள்வியும் கேட்காமல் உங்கள் இரண்டு மணி நேர உழைப்பை அழித்துவிடுகிறது. ஒப்படைக்காத திருத்தங்கள் கிட்டின் பதிவில் இல்லை. ஆகவே அவற்றைக் கிட்டால் மீட்டுத்தர முடியாது. சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வியட்நாமியரான நுயென் தாய் நொக் துய் என்ற நிரலாளர் இதற்குத் தீர்வு எழுதினார். 2019 ஆகஸ்டில் வெளியான 2.23 பதிப்பில் இரண்டு புதிய உள்கட்டளைகள் வந்தன. கிளை மாறுவதற்கு 'சுவிட்ச்'. கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கு 'ரீஸ்டோர்'. இப்போது 'கிட் சுவிட்ச் லாகின்' என்று தட்டினால், அந்தப் பெயரில் கிளை இல்லாவிட்டால் கிட் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். கோப்புகளைத் தொடாது.

கவனித்தீர்களா? இந்த இரண்டு கட்டளைகளும் புதிதாகப் பெரிய ஆற்றல் எதையும் தரவில்லை. இவை செய்வதில் பெரும்பகுதியைச் 'செக்அவுட்' ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. 'பழையதை வைத்தே செய்யலாமே' என்ற அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால் இவற்றுக்கு இடமே இல்லை. ஆனாலும் 'ஆம்' என்ற பதில் கிடைத்தது. பழைய சொல்லின் பொருள் மயக்கம் மக்களின் உழைப்பை அழித்துக்கொண்டிருந்தது. சுருக்குப்பெயர் வைத்தால் அது தீராது. புதிதாகக் கற்க வருபவருக்குச் சுருக்குப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றே தெரியாது. பாதிக்கப்படுவதும் அவரே. அவரைக் காக்க வேண்டுமானால், கருவியை நிறுவும் முதல் நாளிலேயே சரியான சொல் அதில் இருக்க வேண்டும்.

அப்படி ஏற்றுக்கொண்ட பிறகும் அவர்கள் அவசரப்படவில்லை. 'இது சோதனைக் கட்டளை. இதன் இயல்பு மாறலாம்' என்ற எச்சரிக்கையைக் கையேட்டில் போட்டார்கள். அந்த எச்சரிக்கை 2025இல் 2.51 பதிப்பில்தான் நீங்கியது. ஆறு ஆண்டுகள்! பழைய 'செக்அவுட்' கட்டளையையும் நீக்கவில்லை. அதை நம்பியிருப்பவர்களுக்கு அது இன்றும் அப்படியே இயங்குகிறது.

'அண்டூ' ஏன் இல்லை?

'செய்ததைத் திருப்பிப் போடு' என்று சொல்ல ஒரு கட்டளை வேண்டும் என்பது கிட் பயனர்களின் நெடுநாள் ஆசை. வேர்ட் மென்பொருளில் அது இருக்கிறதே, கிட்டில் ஏன் இல்லை?

எதைத் திருப்பிப் போடுவது என்பதில்தான் சிக்கல். கடைசியாகப் பதிவு செய்ததையா? பதிவுக்கு எடுத்துவைத்ததையா? கோப்பில் எழுதியதையா? இரண்டு கிளைகளை இணைத்ததையா? மற்றவர்களுக்கு ஏற்கெனவே அனுப்பியதையா? ஒவ்வொன்றுக்கும் கிட்டில் தனித்தனி வழி உண்டு. 'ரீசெட்', 'ரிவர்ட்', 'ரீஸ்டோர்' எல்லாம் அதற்காகவே. இவற்றை ஒரே சொல்லுக்குள் அடைத்தால், 'செக்அவுட்' செய்த அதே தவறு இன்னும் பெரிய அளவில் நடக்கும். ஒருவர் ஒன்றை நினைப்பார், கருவி இன்னொன்றைச் செய்யும்.

கிட் பிறந்த அதே 2005 ஏப்ரலில் 'மெர்க்குரியல்' என்ற இன்னொரு கருவியும் பிறந்தது. அதில் 'ரோல்பேக்' என்ற கட்டளை இருந்தது. கடைசிச் செயலைத் திருப்பிப் போடுவது அதன் வேலை. பின்னர் அதை ஆபத்தானது என்று அறிவித்து, பயன்படுத்த வேண்டாம் என்று அந்தக் குழுவே சொல்ல வேண்டியதாயிற்று.

அண்மைக் காலத்தில் கிட் களஞ்சியங்களோடும் வேலை செய்யக்கூடிய 'ஜுஜுட்சு' என்ற புதிய கருவி வந்திருக்கிறது. அதில் 'அண்டூ' இருக்கிறது, நன்றாகவும் இயங்குகிறது. காரணம், நீங்கள் செய்யும் ஒவ்வொரு செயலையும் வரிசையாகப் பதிவு செய்யும் குறிப்பேடு ஒன்றை அது தொடக்கத்திலிருந்தே தன்னுள் வைத்திருக்கிறது. ஒரு கட்டளையின் பெயர் மட்டும் போதாது, அதைத் தாங்கும் அடித்தளமும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

நம் மாணவர்களின் 'சிங்க்' என்ன ஆயிற்று?

இப்போது அந்த மூன்று மாணவர்களிடம் வருவோம். பத்து வரியில் துணைநிரல் எழுதத் தொடங்கும்போதே கேள்விகள் முளைக்கும். நண்பரின் திருத்தங்களை 'மெர்ஜ்' வழியில் இணைப்பதா, 'ரீபேஸ்' வழியில் அவற்றின்மேல் நம்முடையதை அடுக்குவதா? ஒப்படைக்காத திருத்தங்கள் இருந்தால் நிறுத்துவதா, ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடர்வதா? சோதனை தோற்றால் மேலே அனுப்பலாமா? மூவருக்கும் மூன்று பதில் இருக்கும். ஒரே குழுவில் மூன்று பதில் என்றால், உலகம் முழுவதற்கும் எத்தனை பதில்!

கிட்டில் ஏற்கெனவே உள்ள 'புல்' கட்டளை இறக்குவதையும் இணைப்பதையும் சேர்த்துச் செய்கிறது. வெறும் இரண்டு வேலைகளைச் சேர்த்த அந்தக் கட்டளையே பல ஆண்டுகள் விவாதத்தைக் கிளப்பியது. இரண்டு பக்கமும் மாறியிருந்தால் தானாகவே 'மெர்ஜ்' செய்வது அதன் பழைய வழக்கம். பலர் அதை விரும்பவில்லை. 2021 முதல், 'எப்படி இணைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்' என்று அது நின்றுவிடுகிறது. பதினாறு ஆண்டுப் பழக்கத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே, அந்த மூவருக்கும் சரியான பதில் இதுதான்: 'சிங்க்' உங்களுக்குத் தேவை. எழுதுங்கள், உங்கள் களஞ்சியத்திலேயே வையுங்கள், புதிதாகச் சேரும் நண்பருக்கும் கொடுங்கள். ஆனால், அது கிட்டின் உள்கட்டளையாக வேண்டியதில்லை.

வெளியே வளர்ந்து உள்ளே வந்தவை

துணைநிரலாக இருப்பது குறைவான நிலை அன்று. அது ஒரு பயிற்சிக்களம். ஒரே களஞ்சியத்தின் பல கிளைகளை ஒரே நேரத்தில் தனித்தனிக் கோப்புறைகளில் திறந்து வைக்க உதவும் ஸ்கிரிப்ட் ஒன்று, கிட்டோடு கூடுதல் பொருளாகப் பல ஆண்டுகள் இருந்தது. அதன் பயனும் குறைகளும் நன்றாகத் தெரிந்த பிறகு, 2015 ஜூலையில் 2.5 பதிப்பில் அதே தேவைக்காக 'வொர்க்ட்ரீ' என்ற முறையான உள்கட்டளை வந்தது. அதிலும் ஒரு செய்தி உண்டு. முதலில் இந்த வசதியைச் 'செக்அவுட்' கட்டளைக்குள் ஒரு கூடுதல் விருப்பமாக நுழைத்திருந்தார்கள். வெளியிடும் முன்பே மனம் மாறி, தனிப் பெயர் கொடுத்தார்கள்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் களஞ்சியம் ஏறக்குறைய 300 ஜிகாபைட் கொண்டது. இத்தகைய பெருங்களஞ்சியங்களைக் கிட்டால் சமாளிக்க அந்த நிறுவனம் உருவாக்கிய கருவிகளில் ஒன்று 'ஸ்கேலார்'. அதன் நல்ல பகுதிகள் ஒவ்வொன்றாகக் கிட்டுக்குள் சென்றன. இறுதியில் 2022இல் 2.38 பதிப்போடு 'ஸ்கேலார்' கருவியும் கிட்டுடன் சேர்ந்தே வரத் தொடங்கியது.

மாறாக, படம், காணொளி போன்ற பெரிய கோப்புகளைக் கையாளும் 'எல்எஃப்எஸ்' 2015இல் அறிமுகமானது. பல இடங்களில் பயன்படுகிறது. ஆனாலும் இன்றுவரை அது தனித் துணைநிரலாகவே இருக்கிறது. வெளியே இருந்தும் நன்றாக வாழலாம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

நம் எழுத்துக்கும் இதே கேள்வி வந்தது

இந்த முடிவெடுக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. கணினியில் தமிழ் எழுத்துகளுக்கு எத்தனை இடம் ஒதுக்குவது என்ற விவாதமும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று நம் எழுத்துகள் 247. யூனிகோடின் முதன்மைத் தமிழ்ப் பட்டியலிலோ 72 குறியீடுகளே உள்ளன. 'கோ' என்ற எழுத்துக்குத் தனி இடம் இல்லை. 'க' ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. இரண்டையும் சேர்த்தால் 'கோ'. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று தமிழறிஞர்கள் பலர் வாதிட்டார்கள். அவ்வாறு அமைந்த 'டேஸ் 16' என்ற குறியீட்டு முறையையும் யூனிகோடோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. ஆனால், யூனிகோடு தன் பட்டியலை மாற்றவில்லை. இருக்கும் பகுதிகளைக் கொண்டு உருவாக்க முடிவதற்குப் புதிய இடம் தேவையில்லை என்பது அதன் நிலைப்பாடு. மேலும், ஒருமுறை கொடுத்த இடத்தை ஒருபோதும் திரும்பப் பெறுவதில்லை என்பதும் அதன் விதி.

அதே யூனிகோடு 2019இல் தமிழுக்காகப் புதிதாக 51 குறியீடுகளைச் சேர்த்தது. பழைய ஓலைகளிலும் கணக்குகளிலும் உள்ள பின்னக் குறிகள், அளவுக் குறிகள் போன்றவை அவை. இருக்கும் எழுத்துகளைச் சேர்த்து அவற்றை உருவாக்க முடியாது. எனவே இடம் கிடைத்தது.

பயனருக்கான வசதியோ வேறோர் அடுக்கில் கிடைத்தது. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், செல்லினம் போன்ற செயலிகளில் தட்டும்போது, 'கோ' இரண்டு குறியீடுகளால் ஆனது என்பது நமக்குத் தெரிவதே இல்லை. அடித்தளம் சிக்கனமாக இருக்கிறது, வசதி மேலடுக்கில் வருகிறது. கிட்டும் துணைநிரலும் போலத்தான்.

மாணவர்களுக்கும் இடம் உண்டு

இதெல்லாம் எங்கோ இருக்கும் வல்லுநர்கள் செய்வது என்று எண்ண வேண்டாம். கிட்டின் 'சப்மாட்யூல்' கட்டளை நெடுங்காலம் ஸ்கிரிப்டாக இருந்தது. அதை வேகமான சி மொழிக்கு மாற்றும் பணியின் பெரும்பகுதியை 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தில் சேர்ந்த இந்திய மாணவர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் முன்னெடுத்தார்கள். 2017இல் பிரதமேஷ் சவாண், 2020இல் ஷௌர்யா சுக்லா, 2021இல் அதர்வா ராய்க்கர். ஷௌர்யாவுக்கு வழிகாட்டிய இருவரில் ஒருவர் கார்த்திக் சிவராம். அடுத்த ஆண்டு ஷௌர்யாவே அதர்வாவுக்கு வழிகாட்டியானார். 2022 முதல் அந்தத் திட்டத்தில் மாணவர் அல்லாதவர்களும் சேரலாம். 18 வயது நிரம்பியிருந்தால் மலேசியாவிலிருந்தும் விண்ணப்பிக்கலாம்.

புதியவர்களுக்காகக் கிட் குழு வெளியிட்டுள்ள 'என் முதல் பங்களிப்பு' என்ற வழிகாட்டி, ஒரு புதிய உள்கட்டளையை எழுதுவதையே பாடமாக வைத்திருக்கிறது. 'புஷ்' என்று தட்டும்போது விரல் தடுமாறி எழுத்து இடம் மாறினால் என்ன வருமோ அதுவே அந்தக் கற்பனைக் கட்டளையின் பெயர். நகைச்சுவைக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நிரல் எழுதுவது, கையேடு எழுதுவது, சோதனை எழுதுவது, மற்றவர்களின் விமர்சனத்துக்குப் பதில் சொல்வது என்று எல்லாப் படிகளும் அதில் உள்ளன. பாடம் முடிந்ததும் அந்தக் கட்டளை கிட்டில் சேராது. ஆனால், படித்தவருக்கு ஓர் உள்கட்டளையின் முழு எடையும் புரிந்துவிடும்.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

படிவம் 4, 5இல் கணினி அறிவியல் படிப்பவராக இருந்தாலும், பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ மென்பொருள் எழுதுபவராக இருந்தாலும், உங்கள் செயலியில் புதிய பொத்தானோ கட்டளையோ சேர்க்கும் முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. இருப்பதை வைத்தே இதைச் செய்ய முடியுமா? முடியுமென்றால், அப்படிச் செய்வதில் யாருக்காவது இழப்பு ஏற்படுகிறதா? அல்லது சில விசைகள் கூடுதலாகத் தட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதானா?

2. இது எல்லாருக்கும் தேவையா, எனக்கும் என் குழுவுக்கும் மட்டும் தேவையா?

3. இதன் பெயரைக் கேட்ட பத்துப் பேரும் ஒரே பொருளைப் புரிந்துகொள்வார்களா?

4. தவறாகப் பயன்படுத்தினால் என்ன அழியும்? அழிந்ததை மீட்க முடியுமா?

5. முதலில் வெளியே வைத்துச் சில மாதங்கள் சோதித்துப் பார்த்தோமா?

6. ஐந்து ஆண்டு கழித்து இதன் பிழைகளை யார் திருத்துவார்கள்?

முதல் கேள்வியின் பின்பாதியை மறந்துவிடாதீர்கள். 'இருப்பதே போதும்' என்று எதையும் தள்ளிவிடுவது பழகியவர்களுக்கு எளிது. அவர்களுக்குப் பழைய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியும், சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். விழுவது புதிதாக வருபவர். 'சுவிட்ச்', 'ரீஸ்டோர்' இரண்டும் கிட்டில் இடம்பிடித்தது அந்தப் புதியவரை மனத்தில் வைத்துத்தான்.

இன்று மாலை உங்கள் மடிக்கணினியைத் திறக்கும்போது ஒன்றைச் செய்து பாருங்கள். கிளை மாறும்போது 'செக்அவுட்' என்று தட்டும் பழக்கம் இருந்தால், அதை விட்டு 'சுவிட்ச்' என்று தட்டிப் பழகுங்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள் என்றால், அதற்கு ஒரு சுருக்குப்பெயர் வையுங்கள். அது நண்பர்களுக்கும் பிடித்தால் துணைநிரலாக்குங்கள். உலகம் முழுவதற்கும் தேவை என்று எப்போதாவது தோன்றினால், அதை நிரூபிக்கச் சான்றுகள் அதற்குள் உங்கள் கையில் இருக்கும்.